நீலத்துக்கு அடியில் வெள்ளை

என் அப்பன் தச்சன். புது மரத்தைப் பழசாக்கிக் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. ஆசிரமம் போகிற சாலையில் ஒரு கடைக்காரன் அதையெல்லாம் நூறு வருஷத்துப் பொருள் என்று வெள்ளைக்காரர்களுக்கு விற்பான்.

மாட்டுத் தோலில் செய்யும் வஜ்ரப் பசையைக் காய்ச்சி மரத்தில் தடவ வேண்டும். அது அரைகுறையாகக் காயும்போது மேலே வெள்ளை டிஸ்டெம்பர் அடித்தால், வறண்ட ஏரி மாதிரி வெடித்துவிடும். நாற்றத்தில் சோறு இறங்காது. கல்யாணம் ஆகும்வரை அந்த வேலையை நான்தான் செய்தேன்.

எனக்கென்று ஒரு தேக்கு பீரோ செய்தான். கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை வீட்டில் கேட்ட சீர் அது ஒன்றுதான். அது கடைக்காரன் கண்ணில் பட்டது, அப்பன் அவனுக்கே கொடுத்துவிட்டான். எனக்குக் கிடைத்தது, வெள்ளை உதிர்கிறது என்று கடைக்காரன் திருப்பி அனுப்பிய பீரோ. அடியில் இருந்த வஜ்ரத்தைச் சுரண்டக்கூட இல்லை. மேலே நீல எனாமல் அடித்து, சாக்கு சுற்றி வண்டியில் ஏற்றினான். எனக்கே தெரியாது.

சித்திரை வெயிலில் மாமியார் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் நீலம் பாளம் பாளமாக வெடித்தது. அடியில் வெள்ளை தெரிந்தது. ஆடி மழையில் வஜ்ரம் ஊறி, சாமி படம் இருந்த அறை முழுக்க செத்த மாட்டு நாற்றம்.

மாமியார் நகத்தால் கீறி மோந்து பார்த்தாள்.

"இன்னாடி இது? வெள்ளக்காரன் வாணாம்னு தள்ளுனத எங்க தலையில கட்டிட்டானா உங்கப்பன்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"பொண்ணும் அப்படித்தானோ இன்னாவோ. மேல பெயிண்ட் அடிச்சி அனுப்பிட்டானா?"

என் புருஷன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பீரோவையும் என்னையும் ஒரே மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். "புது பீரோவோட வா. இல்லன்னா அங்கயே கெட" என்றாள் மாமியார்.

வண்டி வீட்டு வாசலில் நின்றதும் அப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பீரோவைச் சுற்றி வந்தான். வெடிப்புகளை விரலால் தடவினான்.

"வெடிப்பு சூப்பரா வுழுந்துருக்கு. நீலத்துக்கு அடியில வெள்ள தெரியுது பாரு."

"அப்பா, நான் எப்பப்பா திரும்பிப் போறது? புதுசு ஒண்ணு செஞ்சி குடு."

"செய்யலாம், செய்யலாம். இப்ப கையில இருக்கற வேல முடியட்டும்."

அந்த பீரோவை ஒரு வெள்ளைக்காரி ஆசையாக வாங்கிப் போனாள். எனக்குப் புதுசு வரவில்லை. கேட்கும்போதெல்லாம் கடைக்காரனின் வேலை முன்னால் நின்றது. தை மாதம் என் புருஷன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். மளிகைக்கடையில் யாரோ சொல்லி அப்பன் காதுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன்.

"ஏம்மே, அந்த நீல பீரோவ அவங்க வீட்ல எத்தினி நாளு வெயில்பட வச்சிருந்தீங்க?" என்று கேட்டான். "கடைக்காரரு அதே மாதிரி இன்னும் நாலு கேக்கறாரு."