பொட்டு வைத்த நாற்காலி

கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டு ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டருக்கு ஏசி இருந்தது, தூசி படாமல் மூட உறை இருந்தது. எனக்கு ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி.

இரண்டாவது வருஷமே இடுப்பு விட்டுப்போனது. நாற்காலியில் சம்மணம் போட்டால் கொஞ்சம் தேவலாம்போல் இருக்கும். முதலாளி பார்த்துவிட்டார்.

"ஏத்தா, காலை எறக்கு. வர்றவுக என்ன நெனப்பாக?"

என் இடுப்பைப் பற்றி யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் போலிருக்கிறது. மானிட்டரையும் கீபோர்டையும் முக்காலியில் இறக்கி வைத்து, தரையில் உட்கார்ந்து அடித்தேன்.

"சரஸ்வதிய கால்மாட்டுலயா வைப்ப?" என்று கத்தினார்.

பத்திரிகைக் கட்டுகளை மேஜைமேல் அடுக்கி, அதன்மேல் கீபோர்டை வைத்து நின்றுகொண்டே அடித்தேன்.

"ஒரு சேருக்கு வக்கத்த கடையான்னு கேக்கமாட்டாகளா?"

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தவர், கையோடு என் நாற்காலிக்கும் வைத்துவிட்டார். பூஜையில் இருப்பதை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது.

"இன்னைக்கு ஒருநாளாச்சும் அதுக ஓய்வெடுக்கட்டும்" என்றார்.

ஓய்வெடுக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் பொரிகடலை மடித்துக் கொடுத்தேன். அந்த ஒன்பது வருஷத்தில், இடுப்பு விட்டுப்போன பிறகு வலியில்லாமல் நான் வீட்டுக்குப் போன நாள் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் ஈரத்துணியால் நாற்காலியின் பொட்டைத் துடைத்துவிட்டு, "ம், உக்காரு" என்றார்.