ரேஷன் கார்டில் தங்கையின் பெயர்

இன்று கைப்பேசியில் ‘டெலீட்’ என்பதை ஆளுக்கு ஒரு நாளில் பத்துத் தடவை அழுத்துகிறார்கள். எனக்கு அந்தச் சொல் அறிமுகமானது ராயபுரத்தில், இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம், ரேஷன் கடை வரிசையில். அதை நான் முதன்முதலாகப் பயன்படுத்திய விதத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மிஷன் பள்ளியில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தீப்பெட்டி முதல் துறைமுகத்து மூட்டைகள் வரை, கண்ணில் பட்ட ஆங்கிலத்தையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பைத்தியம். எங்கள் கார்டில், முந்தின வருஷம் இறந்த தாத்தாவின் பெயர்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் ஒரு சொல். கூட்டிவிட்டேன், அர்த்தம்தான் பிடிபடவில்லை. அம்மா கார்டை நீட்டியதும் எக்கி நின்று கடைக் குமாஸ்தாவைக் கேட்டேன்.

“டெலீட்டுன்னா இன்னா சார்?”

“அட, தொரை இங்கிலீசு படிச்சிக்கினு கீறாரு!” என்று சிரித்தார். “ஆளு செத்துட்டா, வூடு மாறிட்டா, பேரை எட்த்துடணும். அதான்டா.”

பின்னால் நின்ற மீன்காரம்மா, “உன் புள்ள கலெக்டரு ஆவப்போறான் பாரு,” என்று அம்மாவின் தோளைத் தட்டினாள். அது என் தலைக்கு ஏறியது. கற்றதை உடனே காட்டவேண்டும் போலிருந்தது.

“அப்போ எங்க தங்கச்சி பேரையும் டெலீட் பண்ணணும் சார். அவ ஆடி மாசமே செத்துட்டா.”

அம்மா என் கையைக் கிள்ளுவதற்குள் சொல்லி முடித்திருந்தேன். குமாஸ்தாவின் சிரிப்பு நின்றது. கெட்டவர் இல்லை, ஆனால் வரிசை முழுதும் கேட்டுவிட்டது. “நான் இன்னாம்மா பண்றது?” என்று பேனாவைச் சிவப்பு மையில் தோய்த்தார்.

அம்மா கெஞ்சவில்லை. “கோடு மெல்லிசாப் போடு நைனா,” என்றாள்.

அன்று முதல் எங்கள் பையில் ஒரு குழந்தையின் பங்கு அரிசி குறைந்தது. அம்மா அதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து, என் சோற்றில் பாதியை ஒதுக்கி வைத்தேன். தங்கையை யாரும் படம் எடுத்ததில்லை. அவள் பெயரை வேறெந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

சில நாள் கழித்து, அம்மா கார்டை விரித்து, “இதுல அவ பேரு எது?” என்று கேட்டாள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். அம்மாவும் படிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவள் விரலைப் பிடித்துப் பக்கத்தில் குமாஸ்தா எழுதியிருந்த சொல்லுக்கு இழுத்து, அதையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன்.