காலண்டர் லட்சுமியின் மாங்காய் மாலை

அந்த வருஷங்களில் ஒரு நாளைக்கு எத்தனை முகங்களைச் சரிசெய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. திருத்தங்கலில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை. எடுத்த படத்தில் இருக்கிற பருவை அழிக்க வேண்டும், தழும்பை அழிக்க வேண்டும், கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பை அழிக்க வேண்டும். "கலர் மட்டும் கொஞ்சம் ஏத்திருங்க" என்று சொல்லாமல் ஒரு குடும்பமும் படியிறங்கியதில்லை. நானும் ஏற்றினேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் எதையெல்லாம் எடுக்கலாம் என்றுதான் புத்தி போகும். வலது மணிக்கட்டு எந்நேரமும் கடுத்துக்கொண்டே இருக்கும். மனிதர்களைப் பார்ப்பதே அலுத்துப்போன காலம் அது.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் லீவு விட்டதும் எங்களுக்குக் கூட்டம் வரும். தேய்த்துக் குளித்து, தலை படிய வாரி, புதுத் துணியின் மடிப்புக் கலையாமல் குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். என்ன தேய்த்தாலும் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்கும். ஸ்டுடியோ முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் விரல்களை மடக்கச் சொல்வார், இல்லையென்றால் கையைப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொல்வார். கை மறைந்துவிட்டால் எனக்கு வேலை மிச்சம்.

கழுத்துதான் பெரிய பாடு. நகை இல்லாத கழுத்துக்கு நகை போட வேண்டும். அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு சங்கிலி, ஒரு அட்டிகை, ஒரு ஆரம் வைத்திருந்தோம். அந்த ஆரம் ஊரில் பாதி வீட்டுச் சுவரில் தொங்கியது. அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் இரண்டு பேரும் ஒரே ஆரத்தைப் போட்டுக்கொண்டு படத்தில் சிரிப்பார்கள். அதைப் பற்றி அவர்களும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

லீவு முடிந்து கம்பெனிகள் திறந்த ஒரு கார்த்திகையில்தான் என் தம்பி சவுதிக்குக் கிளம்பினான். ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக அம்மா தன் சங்கிலியை விற்றாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் கழுத்தில் கிடந்த சங்கிலி. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு, எதுவும் நடக்காதது மாதிரி மறுநாள் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது கொண்டுபோக ஒரு குடும்பப் படம் வேண்டும் என்று தம்பி கேட்டபோதுதான் முரண்டு பிடித்தாள்.

"நீ, அக்கா, அப்பா மூணு பேரும் நின்னு எடுங்க. நான் வரல."

அவன் வெளியே போனதும் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"வெறுங்கழுத்தோட நிக்கச் சொல்றியா? அங்கன போயி தெனமும் அந்தப் படத்தத்தான பாப்பான்? பாக்குறப்பல்லாம் ஆத்தா கழுத்துல கெடந்தத வித்துத்தான வந்தோம்னு நெனப்பான். அந்த நெனப்போட அவனுக்குச் சோறு எறங்குமா?"

"நீ வந்து நில்லும்மா. கழுத்த நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டு வந்தாள். "அக்கா, நாடியக் கொஞ்சம் தூக்குங்க. கைய மகன் முதுகுக்குப் பின்னால வச்சுக்கோங்க" என்றார் அண்ணாச்சி. மற்றவர்களிடம் சொல்வதைத்தான் சொன்னார். அன்றைக்கு மட்டும் அது எனக்குச் சுருக்கென்றது.

ஊரெல்லாம் போட்ட ஆரத்தை அம்மாவுக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. ஸ்டுடியோவுக்கு வருவதற்கு முன்னால் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் சாமி படங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். அங்கே வெட்டி எடுத்த நகைகள் ஒரு சி.டி.யில் என்னிடம் இருந்தன. அதில் மகாலட்சுமியின் மாங்காய் மாலை ஒன்று. பச்சைக்கல் பதக்கம், அதற்குக் கீழே மூன்று முத்து. அதை எடுத்துச் சின்னதாக்கி, அம்மாவின் கழுத்துக்கு வளைத்து, அடியில் லேசாக நிழல் கொடுத்தேன். மஞ்சள் கயிறு அதற்குள் மறைந்துபோனது. கண் எரிந்தது, எழுந்து போனால் போதும் என்றிருந்தது. பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்துவிட்டேன். கேமராவில் இருந்ததை அண்ணாச்சி வழக்கம்போல் அன்றைக்கே அழித்திருந்தார்.

இரண்டு பிரதி போட்டோம். தம்பி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனான். இன்னொன்றைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினோம். அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். "அம்புட்டு அழகா இருக்கு புள்ள" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வருஷம் பிறந்தது. பலசரக்குக் கடையில் கொடுத்த தினசரிக் காலண்டரை அப்பா அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணியடித்து மாட்டினார். அன்று நான் வேலை முடிந்து வந்தபோது எங்கள் குடும்பப் படம் சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கியது. காலண்டரில் மகாலட்சுமி. அதே பச்சைக்கல், அதே மூன்று முத்து. காலண்டர் கம்பெனிக்காரர்கள் பழைய படத்தையே மறுபடியும் அச்சடித்திருந்தார்கள்.

"சாமி கழுத்துல கெடக்குறத உருவி என் கழுத்துல போட்டிருக்கியே, உனக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம்? அந்தப் பாவம் யாரப் புடிக்கும்? புள்ள கண்காணாத எடத்துல இருக்கானேடி."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது யாரோ வரைந்தது, வெறும் மை, வெறும் காகிதம் என்று கத்தினேன். சாமி நகைக்குக் கணக்குக் கேட்கும் என்றால் சாமி படத்தை வெட்டி ஒட்டிப் பிழைக்கிற சிவகாசிக்காரர்கள் ஒருத்தர் மிஞ்ச மாட்டோம் என்றுகூடச் சொன்னேன். அம்மா, திரும்பிய படத்தின் முதுகில் தம்பி நிற்கும் இடத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் என்மேல் கோபப்படவில்லை, தம்பியை நினைத்துப் பயந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வெட்கப்பட்டேன்.

மாலையை எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு அடியில் இருந்த கழுத்து இப்போது எங்குமே இல்லை. "வேற யாரு கழுத்தையாச்சும் வெட்டி ஒட்டிரும்மா, யாருக்குத் தெரியப்போகுது" என்றார் அண்ணாச்சி. நான் எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்தவள்தான். இதற்குக் கை வரவில்லை.

கழுத்தை மறுபடியும் படம் எடுக்க வேண்டும் என்று அம்மாவிடமே சொன்னேன். மறுநாள் அம்மா வேலை முடிந்து நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள். பவுடர் பூசவில்லை, சேலையும் மாற்றவில்லை. தனியாக ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே நாடியைத் தூக்கினாள். "கழுத்த மட்டும் எடுங்க அண்ணாச்சி" என்றாள். வெள்ளி படிந்த கைகள் மடியில் கிடந்தன. அவற்றை மறைக்கும்படி அண்ணாச்சி சொல்லவில்லை.

அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். மஞ்சள் கயிற்றுக்குக் கொஞ்சம் மேலே கழுத்தைச் சுற்றி ஒரு வெளுத்த கோடு ஓடியது. இத்தனை வருஷமாகச் சங்கிலி கிடந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை. பழக்க தோஷத்தில் அதை அழிப்பதற்குக் கை போய்விட்டது. மவுஸை விட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கோட்டை அப்படியே விட்டு, அந்தக் கழுத்தைக் குடும்பப் படத்தில் சேர்த்தேன்.

புதுப் படம் சுவருக்கு வந்தது. அம்மா காலண்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தம்பிக்கும் இதுல ஒண்ணு அனுப்பிருவோம்மா. அவன்கிட்ட இருக்குறத கிழிச்சுப் போடச் சொல்லிருவோம்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "அவன்கிட்ட இருக்குறது அப்படியே இருக்கட்டும்."

"பாவம்னு நீதான சொன்ன?"

"பாவந்தான். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். அவனுக்கு என் கழுத்து தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தாள்.