ஆரோக்கியராஜும் நம் குழுவின் ஒரே லென்சும்

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. நம் புகைப்படக் குழுவில் காலையில் வருவதெல்லாம் மயில், பனித்துளி, சூரியோதயம் என்பதால் நான் உடனே திறக்கவில்லை. திறந்தபோது தனசேகர் ஆரோக்கியராஜின் படம் ஒன்றைப் போட்டிருந்தார். அதன் கீழே அதற்குள் இரண்டு கருத்துகள். 'ஃபோகஸ் அவுட்' என்று ஒருவர். 'பின்னால் வேப்பமரத்தின் பட்டை மிக அருமை' என்று இன்னொருவர். அதற்கும் கீழேதான், தாமதமாக, ஆரோக்கியம் சார் விடிகாலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று தனசேகர் எழுதியிருந்தார். அனுப்பியதை அழிக்கும் வழி எழுதிய இருவருக்கும் தெரியாததால் அந்த இரண்டு கருத்துகளும் அங்கேயே இருக்கின்றன. அவருக்குச் செலுத்தப்பட்ட முதல் அஞ்சலி அவைதான். அவர் பார்த்திருந்தால் அந்த மரத்தைப் பற்றி மூன்றாவதாக ஏதாவது எழுதியிருப்பார்.

நானும் தனசேகரும் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது வாசலில் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையில் அடக்கம். அவர் மனைவி பிலோமினா அக்கா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சார், அவரு படம் ஒண்ணு குடுங்க. பெட்டிகிட்ட வெக்கணும், கேட்டுல போஸ்டர் கட்டணும். மூஞ்சி தெரியணும், அவ்வளவுதான்."

"ஐடி கார்டுல இருக்குமேக்கா" என்றார் தனசேகர்.

"அது வேலைக்குச் சேந்தப்ப புடிச்சது. அத வெச்சா, வர்றவங்க வேற வூடுன்னு திரும்பிப் போயிடுவாங்க."

பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமையானா பூசை முடிஞ்ச கையோட கேமராவத் தூக்கிகினு உங்ககூடத்தான வந்தாரு? எல்லாரும் சேந்து இத்தன வருசமா என்னத்ததான் சார் எடுத்தீங்க?"

நான் படித்த புத்தகங்களில் கலையின் பயன் என்ன என்று பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை. மதியத்துக்குள் கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டு தனசேகரின் வீட்டுக்குப் போனோம். நம் குழுவின் படங்கள் எல்லாம் அவருடைய கணினியில்தான் இருக்கின்றன.

முதலில் திறந்தது ஆரோக்கியராஜ் எடுத்த படங்கள். அவற்றில் அவர் இருக்க மாட்டார் என்பது தெரிந்தும் ஏன் திறந்தோம் என்று தெரியவில்லை. அந்தப் பருந்து வந்தது. நம் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பின் கண்காட்சியில் அவருக்கு ஆறுதல் பரிசு கிடைத்த படம்: கீழே சுரங்கத்தின் படிப்படியான மண், மேலே வெறும் வானம், வலது மூலையில் தனியாக ஒரு பருந்து. தனிமையை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன படம் இல்லை என்று நடுவர் பேசினார். அடுத்த மாதம் அவர் பரவனாற்றுக் கரையில் எடுத்த படத்திலும் அதே மூலையில் அதே பருந்து இருந்தது. அதற்கடுத்து மாதா கோயிலுக்குள் ஒரு ஞானஸ்நானத்தை எடுத்தார். பீடத்துக்கு மேலே, வெள்ளைச் சுவரில், பருந்து பறந்துகொண்டிருந்தது. கேமராவின் சென்சாரில் தூசு ஒட்டியிருக்கிறது, ஒரு ஊதுகுழாயால் ஊதினால் போய்விடும் என்று நான் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்தார். "பருந்து இல்லன்னா பரிசு இல்ல. தூசு இல்லன்னா பருந்து இல்ல. அப்ப யார சார் ஊதச் சொல்றீங்க?" என்றார். கடைசிவரை ஊதவில்லை.

உங்களில் பலர் அவரை அறிந்தது லென்ஸ் பொறுப்பாளராகத்தான். புயல் அடித்ததற்கு மறு வருடம் எல்லோரும் சேர்ந்து ஒரு பழைய ஜூம் லென்ஸ் வாங்கினோம். வைத்திருப்பவர் யார் என்ற கேள்வி வந்தபோது அவர் கையைத் தூக்கினார். அவர் சுரங்கத்தில் வெடி வைக்கும் பிரிவில் இருந்தவர். அங்கே ஒரு பொருள் கை மாறினால் அதனுடன் ஒரு பொறுப்பாளரும் போக வேண்டும். அதே முறையை லென்சுக்கும் கொண்டுவந்தார். யார் கேட்டாலும் கொடுப்பார். கூடவே அவரும் வருவார். லென்ஸ் காதுகுத்துக்குப் போனால் அவரும் காதுகுத்துக்குப் போனார். அழைப்பிதழ் இல்லாமல் இந்த வட்டாரத்தில் இத்தனை விருந்துகளில் சாப்பிட்டவர் வேறு யாரும் இருக்க முடியாது.

மழைக்காலத்தில் லென்சுக்குள் வலை பின்னியதுபோல் பூஞ்சை பிடித்தது. அரிசி ஈரத்தை இழுக்கும் என்று எங்கோ கேட்டு, வீட்டு அரிசி டிரம்மில் அதைப் புதைத்து வைத்தார். ஈரம் போனதா என்று தெரியவில்லை. தவிடு உள்ளே போய், ஜூமைத் திருப்பினால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது. "அந்த அரிசியில வடிச்ச சோறு ஒரு வாரம் ரப்பர் நாத்தம் சார்" என்று பிலோமினா அக்கா எங்கள் எல்லோரிடமும் சொன்னார். ஆரோக்கியராஜோ பூஞ்சை மேலும் வளரவில்லை என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் லென்ஸ் முற்றாக நின்றுபோனது. கேமராவின் பொத்தானை எப்படி அழுத்தினாலும் அது அசையவில்லை. மடியில் துண்டு விரித்து அதை வைத்துக்கொண்டு அவர் சென்னைக்கு பஸ் ஏறினார். நானும் போனேன். பழுது பார்ப்பவர் லென்சின் பக்கவாட்டிலிருந்த சிறிய விசையை நகத்தால் தள்ளினார். அது தானாக ஃபோகஸ் செய்யாமல் கையால் செய்யும் நிலையில் இருந்திருக்கிறது. திரும்பும்போது விழுப்புரம் வரை அவர் அந்த விசையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். அதன் பிறகு அவர் சொன்னார்: "குழுவுல கேட்டா மோட்டார் மாத்துனாங்கன்னு சொல்லிடலாமா?" நான் சரி என்றேன். ஊருக்குள் பஸ் நுழைந்ததும் அவரே எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டார். அவருக்குப் பொய் ஒன்றைத் திட்டமிடத் தெரிந்ததே தவிர, அதைத் தூக்கிச் சுமக்கத் தெரியவில்லை.

இந்த எல்லாப் பழுதுகளுக்கும் மேலானது, தனசேகரின் கேமராவில் மாட்டினால் அந்த லென்ஸ் செய்த வேலை. எதிரே நிற்பவர் மங்கலாக விழுவார். நடுக்கம் என்றார்கள், தனசேகர் முக்காலி வாங்கினார். வெளிச்சம் போதவில்லை என்றார்கள், வெயிலில் எடுத்தார். லென்சை வேறொரு கேமராவில் மாட்டினோம், சரியாக இருந்தது. தனசேகரின் கேமராவில் வேறொரு லென்சை மாட்டினோம், அதுவும் சரியாக இருந்தது. இரண்டு பிரிவும் தங்கள் மேல் குறையில்லை என்று நிரூபித்துவிட்டால் பழுது யாருடையது என்பது ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் எனக்குப் பழகிய கேள்விதான். ஆனால் பதில் எனக்கு எந்த வருடமும் தெரிந்ததில்லை. ஆரோக்கியராஜ் மட்டும் லென்சை விட்டுக்கொடுக்க மாட்டார். "ஃபோகஸ் போச்சு ஃபோகஸ் போச்சுன்னு சொல்லாதீங்க. அது எங்க போவும்? படத்துக்குள்ளதான் எங்கியாவது இருக்கும். தேடிப் பாருங்க." நாங்கள் சிரிப்போம். தேடியதில்லை.

இதன் உச்சம் மேல்பட்டாம்பாக்கத்தில் நடந்த கல்யாணம். மணப்பெண் ஸ்டெல்லா, பிலோமினா அக்காவின் தங்கை மகள். படம் எடுக்கிறவரை வெளியே வைக்க வேண்டாம், நம்ம குழுவே எடுக்கும் என்று ஆரோக்கியராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். தனசேகர் எடுத்தார். ஆல்பம் போடும் அளவுக்கு ஒரு படம்கூடத் தேறவில்லை. எல்லாவற்றிலும் ஸ்டெல்லா தண்ணீருக்குள் நிற்பவள்போல் இருந்தாள். தனசேகரின் கைதான் காரணம் என்று ஆரோக்கியராஜ் சொல்லியிருக்கலாம். பொறுப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து கொழுந்தியாள் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வருகிற கிறிஸ்துமஸுக்காவது பேசிவிடுவாள் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி பன்னிரண்டைத் தாண்டியது. நல்ல படங்கள் எதிலும் அவர் இல்லை. அவரை முன்னால் நிறுத்தி எடுத்தவை எல்லாம் காலையில் வந்த அந்த வேப்பமரப் படம் மாதிரிதான். மிச்சமிருந்தது 'ஸ்க்ராப்' என்ற ஃபோல்டர். கெட்டுப்போன படங்கள். ஸ்டோர்ஸில் உடைந்த நாற்காலியைக்கூட மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து பார்க்காமல் கழிக்க முடியாது. அதே விதியை நம் படங்களுக்கும் நான்தான் எழுதினேன். அந்த மூன்று பேரும் ஒரே ஷிஃப்டில் அமைந்ததே இல்லை என்பதால் குழு ஒருமுறைகூட உட்காரவில்லை. எனவே ஒரு படம்கூட அழிக்கப்படவில்லை.

ஸ்டெல்லாவின் கல்யாணம் திரையில் வந்தது. தனசேகருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார் சொல்லிகினே இருப்பாருல்ல, உள்ளதான் எங்கியாவது இருக்கும்னு. எங்கதான்யா இருக்குது?" என்று படத்தை முழுதாகப் பெரிதாக்கி மௌஸால் இழுத்தார். ஸ்டெல்லாவின் முகம் கடந்தது, மங்கல். மாலை கடந்தது, மங்கல். அவளுக்கு ஓரெட்டுப் பின்னால் ஒரு சட்டைப் பை வந்தது. பையில் பேனா. பேனாவின் மூடியில் ஒரு கீறல். தனசேகர் மேலே இழுத்தார். மூக்குக் கண்ணாடி, அதற்குள் கண்கள், இமை மயிர்கள்.

"யோவ்" என்றார் தனசேகர், யாரிடம் என்று தெரியாமல்.

ஆரோக்கியராஜ் அங்கே ஏன் நின்றார் என்பதைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறார் என்று படம் எடுப்பவர்கள் எல்லோரும் அவரை எதிர்ப்பக்கம் துரத்துவார்கள். அங்கே போனதும் அவருக்குச் சுரங்கம் ஞாபகம் வந்துவிடும். வெடி வைக்கும்போது வழியை மறித்துச் சிவப்புக் கொடியோடு நிற்பது அவர் வேலை. பின்னணியில் யாரும் குறுக்கே நடந்து படத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் அகல விரித்து மறித்து நிற்பார். தானும் பின்னணியில்தான் நிற்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. "கண்ண மட்டும் வெடி வெச்ச எடத்துலேர்ந்து எடுக்கக் கூடாது" என்பார். அதனால் எல்லாப் படத்திலும் நேராக லென்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஃபோல்டர் முழுவதும் அவர்தான். பெயர் சூட்டு விழாவில், மஞ்சள் நீராட்டில், பள்ளி விளையாட்டு நாளில். மங்கலான ஒரு மனிதருக்குப் பின்னால் துல்லியமான ஆரோக்கியராஜ், கைகளை விரித்தபடி. பல படங்களில் பார்வையைத் திருப்பாமலே யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அவர் சிரித்தது ஸ்டெல்லாவின் கல்யாணத்தில் மட்டும்தான். அங்கே அவரைச் சிரிக்க வைத்தது எது என்று தெரியவில்லை. படத்துக்கு வெளியே இருந்திருக்க வேண்டும்.

பிலோமினா அக்கா தனசேகரின் போனில் அதைப் பார்த்தார். விரலால் அவர் சட்டையைத் தொட்டார்.

"காலையில இஸ்திரி போட்டுக் குடுத்தேன். அதுக்குள்ள கசக்கிட்டாரு பாருங்க."

"மார்பு வரைக்கும் வெட்டி, பின்னாடி நீலக் கலர் போட்டுடலாம்க்கா" என்றார் தனசேகர்.

"கைய வெட்டாதீங்க."

கை வேண்டுமென்றால் கீழே ஓரத்தில் ஸ்டெல்லாவின் தோளும் மாலையும் சிவப்பாக மங்கித் தெரியும். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அதன்மேல் ஒரு மெழுகுவர்த்தியை வைத்தார். முழுவதும் மறையவில்லை.

போஸ்டரை கேட்டில் கட்டினோம். 'இறைவனில் இளைப்பாறுகிறார்' என்ற வரிக்குக் கீழே அவர் சாலையைப் பார்த்து, இளைப்பாறுவதற்கான எந்த அடையாளமும் இல்லாமல், இரு கைகளையும் விரித்து வழியை மறித்து நின்றார். ஷிஃப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ் வேகம் குறைத்து நின்றேவிட்டது. டிரைவர் பழக்கதோஷத்தில் பிரேக் போட்டதாகச் சொன்னார். அதிலிருந்து பலர் இறங்கி உள்ளே வந்தார்கள்.

மூன்றரைக்கு மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து கொழுந்தியாள் வந்தார். உள்ளே போகாமல் போஸ்டரின் முன்னால் நின்றுவிட்டார். மெழுகுவர்த்தியை உற்றுப் பார்த்தார். தன் மகளின் மாலையை அடையாளம் கண்டுகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. நானும் தனசேகரும் மெல்ல நகர்ந்துகொள்ளலாமா என்று யோசித்தோம்.

"இப்பவும் எம் பொண்ணுதான் மாமா மங்கலா கீறா" என்றார் அந்தப் படத்திடம். "உன்ன மட்டும் நல்லா புடிச்சிகினியே." பிலோமினா அக்கா வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். ஆரோக்கியராஜ் இத்தனை வருடம் கிறிஸ்துமஸில் எதிர்பார்த்த பேச்சு இதுதானா என்று எனக்குத் தெரியாது. பேசியது என்னவோ உண்மை.

ஃபோகஸ் தன்மேல்தான் விழுகிறது என்று அவருக்குத் தெரியுமா என்று குழுவில் சிலர் கேட்கிறார்கள். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரிந்திருந்தால் கொழுந்தியாளிடம் முதல் நாளே சொல்லியிருப்பார். தெரியாமல் இருந்தால், தேடிப் பாருங்கள் என்று ஏன் அத்தனை உறுதியாகச் சொன்னார் என்பது விளங்கவில்லை.

லென்ஸ் இப்போது என்னிடம் இருக்கிறது. பிலோமினா அக்கா அதை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார். திருப்பினால் இன்னும் அப்பளச் சத்தம் வருகிறது. சரிசெய்துவிடலாம் என்று தனசேகர் சொன்னார். அதைக் கழிப்பதானாலும் சரிசெய்வதானாலும் அந்த மூவர் குழு உட்கார வேண்டும் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று பேரில் ஆரோக்கியராஜும் ஒருவர்.

சென்ற ஞாயிறு அதைத் தனசேகரின் கேமராவில் மாட்டி, என் மனைவியை வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். அவள் மங்கலாக விழுந்தாள். வழக்கம்போல் பெரிதாக்கி, அவளுக்கு ஓரெட்டுப் பின்னால் போய்த் தேடினேன். ஃபோகஸ் சரியாக அங்கேதான் இருந்தது. நடைபாதை, ஒரு செருப்பு, கொஞ்சம் வெயில். அந்த வழியாக இரண்டு பேர் குறுக்கே நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.