முந்திரிகைச் சிரமதானம்

இல்ஃபோர்டில் ஏறும்போதே ரயிலில் மூச்சுவிட இடமில்லை. கதவோரம் நின்ற பெண்ணின் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டி நழுவி விழுந்து திறந்துகொண்டது. பச்சை முந்திரிகைப் பழங்கள் தரையெங்கும் ஓடின. ஒருவரும் குனியவில்லை, குனிய ஏலாது. சப்பாத்துக் கால்கள் ஒவ்வொன்றாய் அவற்றைக் கண்டுபிடித்தன. ஸ்ட்ராட்ஃபோர்ட் வருமுன் அந்த மணம் எழும்பிவிட்டது. பாதி இனிப்பு, பாதி புளிப்பு, நடுவிலே கிழிந்த தோலின் பச்சை வாடை. எல்லோரும் மூக்கைச் சுளித்தார்கள். நான் மட்டும் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவுமில்லை. அப்போது நான் அந்த ரயிலிலேயே இல்லை. பத்து வயதுப் பிள்ளையாய், முழங்கை வரை பிசுபிசுப்போடு, ஒரு சரிவில் நின்றுகொண்டிருந்தேன்.

என் சித்தப்பா, அதாவது அப்பாவின் ஒரே தம்பி, பிரான்சில் பத்து வருடம் முந்திரிகைத் தோட்டங்களில் வேலை செய்தவர். பிறகு லண்டனுக்கு வந்தார். மற்றவர்களைப் போலப் பெற்றோல் செட்டில் நின்றார். ஆனால் கை சும்மா இருக்காது. வழியில் எந்தச் செடியைக் கண்டாலும் ஒரு கொழுந்தைக் கிள்ளிவிட்டுத்தான் நகர்வார். ஒரு நாள் பஸ்ஸில் தூங்கிப்போய், ரொம்ஃபோர்டுக்கும் அப்பால், பாதை முடிகிற இடத்தில் இறக்கிவிடப்பட்டார். அங்கே ஒரு பழைய மாளிகை. அதன் பின்னால் தெற்குப் பார்த்த சரிவு, இடிந்த செங்கல் மதில். மதிலோரம் முட்செடிக்குள் கிடந்த கொடியைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டதாம். அந்த மாளிகையில் ஒரு காலத்தில் வைன் வடித்தார்கள். பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பி வராததால் தோட்டத்தைக் கைவிட்டார்கள். எஞ்சியவை ஏழெட்டுக் கொடிகளும், கொட்டிலில் மரத்தாலான ஒரு பழம்பிழியும் பொறியும், அவற்றுக்கெல்லாம் உடைமைக்காரியான ஒரு வயதான வெள்ளைக்கார அம்மையாரும்தான்.

சித்தப்பா போய்க் கதவைத் தட்டினார். அம்மையார் மூன்று இலையுதிர்காலம் தருவதாகச் சொன்னார். மூன்றாவது முடியுமுன் வைனுக்கான சாறு இந்தச் சரிவிலிருந்து பீப்பாயில் ஏறினால் தோட்டம் தொடர்ந்து அவர் கையில். ஆகாவிட்டால் பக்கத்துக் கோல்ஃப் மைதானம் வெகுநாளாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறது, அவர்களுக்குப் போகும். சித்தப்பா பழைய கொடிகளில் தடி வெட்டி, பதித்து, இருநூறு கன்றுகளாக்கினார். அவற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கூரையின் கீழ் சித்தியோடு குடியும் போனார்.

எங்கள் வீட்டில் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. அப்பா ஈஸ்ட் ஹாம் பக்கத்துக் கோயிலொன்றின் நிர்வாக சபையில் இருந்தவர். மைக் பிடித்து அறிவித்தல் சொல்வது அவர்தான். தம்பியின் தோட்டத்தைப் பற்றி மூன்று வருடத்தில் ஒரேயொரு வசனம்தான் அவர் வாயிலிருந்து வந்தது.

"கள்ளுத் தவறணை நடத்தவோ அவனைக் கஷ்டப்பட்டுப் பிரான்சுக்கு அனுப்பினனான்?"

மூன்றாவது இலையுதிர்காலத்தில், ஒரு வியாழக்கிழமை, சித்தப்பா போன் எடுத்தார். அம்மா ரிசீவரை அப்பாவின் காதில் கிட்டத்தட்ட அழுத்தினாள். திங்கட்கிழமை தொடக்கம் அடைமழையாம். கீழ் வரிசைக் குலைகளில் ஏற்கெனவே பூஞ்சணம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் பிடுங்கி அன்றைக்கே பிழிய வேண்டும். சித்தி ஏழு மாதக் கர்ப்பிணி. சித்தப்பாவுக்கு இரண்டு கை. அப்பா கேட்டு முடித்தார். ரிசீவரை வைத்துவிட்டுத் திருநீற்றுக் குடுவையைத் துடைக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தது. அப்பா மைக்கை இரண்டு தரம் தட்டினார். "மெய்யடியார்களுக்கு ஓர் அறிவித்தல். வருகிற ஞாயிற்றுக்கிழமை முந்திரிகைப் பழம் பிடுங்கும் சிரமதானம் ஒன்று நடைபெறும். எல்லோரும் வந்து கைகொடுக்க வேண்டும். பழச்சாறு தயாரிப்பதற்காக." 'பழச்சாறு' வந்த இடத்தில் மட்டும் குரல் தேவாரம் பாடுவதுபோல் ஒரு சுருதி உயர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"ஆரும் என்ன செய்யினம் எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?"

"ஜூஸ்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. ஜூஸ்."

பொய் சொல்லாதே என்று வளர்த்த மனுசன் பொய் சொல்லச் சொன்னால் ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பதவி ஏது? இரண்டு இரவும் அந்தச் சொல்லை மனப்பாடம் செய்தேன்.

கோயில் வான் இரண்டு தரம் ஓடி முப்பது பேரை இறக்கியது. ஃபாரஸ்ட் கேட்டில் கடை வைத்திருந்தவர்கள், அலுவலகம் போகிறவர்கள், ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்கள். இந்தியாவிலிருந்து வந்த ஓர் அக்காவும் அவர் கணவரும் சரிவை மேலும் கீழுமாகப் பார்த்தார்கள். "முந்திரி பறிக்கணும்னு சொன்னாங்களே, மரம் எங்க?" "இதுதான் அக்கா முந்திரிகை." "இது திராட்சையாச்சே!" அந்த அக்கா சிரித்த சிரிப்பில் அவர் கொண்டுவந்த வெறும் பை கையிலிருந்து விழுந்தது. வறுத்து உப்புப் போடலாம் என்று வந்தவர், போகட்டும் என்று கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார்.

அப்பா மட்டும் தோட்டத்து வாசற்படலையைத் தாண்டவில்லை. வெளியில், வானின் பக்கத்தில், மழையே இல்லாத நேரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஓர் எட்டுத் தூரம்தான். அந்த எட்டை அவர் எடுத்து வைக்கவில்லை.

நான் வரிசை வரிசையாக ஓடினேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். இது ஜூஸ். குழந்தைகளும் குடிக்கலாம். உடம்புக்கு நல்லது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மிகவும் மரியாதையாக ஆட்டினார்கள். கோயிலில் சங்கு ஊதுகிற மாமா மாத்திரம் ஒரு குலையை வெட்டி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபடி சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த ஜூஸுக்குச் சுண்ணாம்பு போடுறேல்லையோ?"

சரிவு முழுக்க ஒரு கணம் கத்தரிக்கோல்கள் நின்றன.

பனையில் கட்டும் முட்டியில் சுண்ணாம்பு பூசினால்தான் பாளையின் நீர் கருப்பணியாகத் தித்திக்கும், பூசாவிட்டால் பொழுது ஏறுமுன் கள்ளாகிவிடும் என்பது அந்த வரிசைகளில் நின்ற யாழ்ப்பாணத்தார் அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் லண்டனில் பிறந்த பிள்ளை. ஆகவே நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "இல்லை மாமா, ஒண்டும் போடமாட்டம். சுத்தமான ஜூஸ்."

முதலில் சித்தி சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு கீழே இறங்கிப் படலை வரைக்கும் போனது. என் கெட்டித்தனத்தைத்தான் மெச்சுகிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அப்பா குடையை விரித்து முகத்தின் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.

மதியத்துக்குள் பிடுங்கி முடிந்தது. மரப்பெட்டிகள் கொட்டிலில் அடுக்கடுக்காய் ஏறின. சித்தப்பா பழம்பிழியும் பொறியின் நீண்ட பிடியைத் திருகினார். இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில், உலர்ந்த எலும்பு உடைகிற சத்தத்தோடு, திருகாணி பாதியில் முறிந்தது.

அதுவரை அந்த மனுசனின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. நிறம் இல்லாமல் போயிற்று. முறிந்த துண்டைப் பொருத்திப் பார்த்தார், இன்னொரு தரம் பொருத்திப் பார்த்தார். இன்று பிழியாவிட்டால் பழம் பெட்டிக்குள்ளேயே பழுதாகும். பழுதானால் இந்த வருடம் வைன் இல்லை. வைன் இல்லாவிட்டால் இந்தச் சரிவும் இல்லை. வாசலில் மாளிகை அம்மையார் கைத்தடியோடு வந்து நின்றிருந்தார்.

"அப்ப காலாலைதான் மிதிக்க வேணும்," என்றார் சித்தப்பா. "பிரான்சிலை அப்பிடித்தான் மிதிக்கிறவை. காலைக் கழுவிப்போட்டு எல்லாரும் ஏறுங்கோ."

முதல் பெட்டிகளைத் தொட்டிகளில் கவிழ்த்தும் விட்டார். ஒரு தொட்டி நிறையப் பழம், சுற்றிவர முப்பது பேர், அறுபது கால். ஒரு காலும் அசையவில்லை. கோயில் மடப்பள்ளியில் சமையலுக்குப் பொறுப்பான மாமிதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, என்ன கதை கதைக்கிறியள்? வாயிலை வைக்கிற சாமானிலை காலை வைக்கிறதோ?"

"வேறை வழியில்லை மாமி. மெஷின் முறிஞ்சு போச்சு."

"மெஷினிலையோ நாங்கள் தேங்காய்ப்பால் பிழியிறனாங்கள்?"

அவ்வளவுதான். மாமி காப்பைக் கழற்றி என் கையில் தந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பெண்கள் தொட்டிகளைச் சுற்றிக் குந்தினார்கள். திருவிழாவுக்கு ஐந்நூறு பேருக்குப் பால் பிழிந்த கைகள் அவை. சாறு விரல் இடுக்குகளால் வழியத் தொடங்கியது. "இது முதற்பால், கப்பிப்பாலை வேறையா வையுங்கோ, ரெண்டையும் கலந்தால் ருசி போயிடும்" என்று மாமி சத்தம் போட, சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிரான்சில் பத்து வருடம் அவரும் அதையேதான் கேட்டாராம்: முதற் சாறு ஒரு பீப்பாய், பிறகு நெரித்து எடுக்கிற சாறு இன்னொரு பீப்பாய்.

ஆனால் வடிக்கத் துணி இல்லை. கொட்டிலில் கிடந்தவை எண்ணெய்ச் சீலைகள். யாரோ சால்வையை நீட்டினார்கள், சாயம் இறங்கும் என்று மாமி தட்டிவிட்டார். தொட்டிக்குள் தோலும் விதையும் கிடந்து கறுக்கத் தொடங்கின. "நல்ல வெள்ளைத் துணி ஒண்டு இல்லையோ இந்த ஊரிலை?" என்று மாமி கத்தினார்.

வானின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு சரளைக்கல்லில் நடை. அப்பா கொட்டிலுக்குள் வந்தார். கையில், பின்னேரப் பூசைக்கு உடுத்தவென்று கொண்டுவந்திருந்த புது வேட்டி, கடையில் மடித்த மடிப்புக் கலையாமல். தம்பியைப் பார்க்கவில்லை. மாமியிடம் நீட்டினார்.

"கஞ்சி போகக் கழுவிப்போட்டு எடுங்கோ."

"கறை போகாது, ஐயா."

"தெரியும்."

அதற்குப் பிறகு யாரும் பகிடி விடவில்லை. வேட்டியின் இரு தலைப்பையும் இருவர் பிடிக்க வேண்டும். ஒரு தலைப்பைச் சித்தப்பா பிடித்தார். மறு தலைப்பைப் பிடிக்க நான் பாய்ந்தேன், எனக்கு முன்னால் அப்பாவின் கை நீண்டது. அண்ணனும் தம்பியும் எதிரெதிர்த் திசையில் முறுக்க, நடுவில் சாறு இறங்கியது. ஒரு தரம் இல்லை, இருட்டும் வரைக்கும். இருவரும் பேசியதாக நினைவில்லை. "இழு" என்று ஒருவர் சொன்னதும், "இழுக்கிறன்" என்று மற்றவர் சொன்னதும்தான்.

அப்பாவின் அப்பா குடித்தே செத்தவர் என்பது பல வருடங்கள் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினாறு வயதில் தகப்பனைத் தவறணை வாசலிலிருந்து தோளில் சுமந்து வந்ததும், சுடலையில் கொள்ளி வைத்ததும், தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியதும் அப்பாதான். அந்தப் படலைக்கும் கொட்டிலுக்கும் இடையில் இருந்தது நாற்பது அடி. அவர் எவ்வளவு தூரம் நடந்து வந்தார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. வேட்டி வீணாகிறதே, அம்மா ஏசப் போகிறாளே என்பதுதான் என் கவலை.

கடைசித் தொட்டியும் வடிந்தது. அம்மையார் ஒரு கோப்பையில் சாற்றை வாங்கி, கண்ணை மூடி, ஒரு மிடறு குடித்தார். சித்தப்பாவின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். சித்தி மரப்பெட்டியில் அமர்ந்துகொண்டு, மாமியின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்து, "உதைக்குது, உதைக்குது" என்றாள்.

ஏற்கெனவே பிந்திவிட்ட பூசைக்காக எல்லோரும் வானில் ஏறினார்கள். சங்கு மாமா என் தலையைத் தடவி, "பிள்ளை, ஜூஸ் நல்லாப் பொங்கட்டும்" என்றார். நான் அப்பாவின் பக்கத்து ஆசனத்தில் ஏறி, அவர் காதோடு சொன்னேன்.

"ஒருத்தருக்கும் தெரியேல்லை அப்பா."

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா. "நீ கெட்டிக்காரி."

சித்தப்பா ஓடிவந்து கண்ணாடியோரம் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. சாறு தெறித்திருக்கும் என்று நினைத்தேன். வான் உறுமியது. அப்பா நேரே முன்னால் பாதையைப் பார்த்தபடி, கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார்.

"அடுத்த வருஷம் எனக்கு முன்னமே சொல்லு. பெரிய பஸ்ஸாப் பிடிக்க வேணும்."