ஷவ்கியின் டிரைவர்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கொன்றும் குடி முழுகிவிடாது.

அலெக்ஸாந்திரியாவில் ஒரு தனியார் குழந்தை மருத்துவமனை. ரமலான் எட்டாம் நோன்பு, மாலை 5:20. எடை குறைந்து பிறந்த ஒன்பது குழந்தைகள். எந்தக் குழந்தைக்காவது மூச்சுத் திணறினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்க வேண்டும். அந்த மணிக்குத் தகவல் அனுப்பும் லினக்ஸ் கணினி நெட்வொர்க் இல்லாமல் கிடந்தது.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இருப்பது ஒரு நெட்வொர்க் கார்டு. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒன்றுதான் இருக்க வேண்டும்; இங்கே அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு டிரைவர்கள் அடித்துக்கொண்டன. ஒன்று சரியானது. மற்றது, இந்தக் கார்டுக்குச் சம்பந்தமே இல்லாத பழங்குப்பை.

"எந்தக் கழுதை இத ஏத்தி வச்சது?"

"ஷவ்கி. உங்களுக்கு முன்னாடி வேல பாத்தவரு. மௌத்தாயிட்டாரு, திட்டாதீங்க," என்றார் நர்ஸ் இன்ஸாஃப்.

"செத்தும் உசிர வாங்குறான்!"

"நோன்பு தொறக்க எல்லாரும் போயிருவாங்க, இஞ்சினியரே. அப்புறம் ஒன்பதுக்கும் நா ஒத்த ஆளு. சீக்கிரம்!"

பழையதைத் தடைப்பட்டியலில் எழுதிவிட்டுக் கணினியை மறுபடி கிளப்பினேன். 5:41... திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. கணினி கிளம்பும்போது படிக்கும் துவக்கக் கோப்பைப் புதுப்பிக்க மறந்தது நான்தான். திட்டியது ஷவ்கியை.

புதுப்பித்தேன். 5:52. இருந்தது.

டிரைவரையே அழித்தேன். 6:01... இருந்தது.

பயமாம், எனக்கு! த்தூ.

6:07. நோன்பு திறக்கப் பாங்கு. படிகளில் காலடிகள் இறங்கி ஓய்ந்தன.

கணினியை அணைத்தேன். கார்டையே உருவி மேசைமேல் வைத்தேன். கார்டு இல்லாமலே கணினியை மறுபடி கிளப்பினேன்.

"இப்ப வாடா, பாப்போம்."

6:12.

டிங்... டிங்... டிங்...

நர்ஸ் மேசை மணி.

"நாலாம் தொட்டில்!" இன்ஸாஃப் ஓடினார்.

நீலம் பாய்ந்திருந்தது குழந்தை. அவர் முதுகைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்...

அழுதது.

திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். தகவலை அனுப்பியது பழைய டிரைவர். கார்டு என் கண்ணெதிரே மேசைமேல் கிடந்தது.

பெருநாள் கழிந்து ஷவ்கியின் வீட்டுக்குப் போனேன். செத்தவனைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான். இதற்கும் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அவர் மனைவி அலமாரி டிராயரைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பழைய நெட்வொர்க் கார்டை நீட்டினார்.

"ஆஸ்பத்திரில அந்த மணிக் கம்ப்யூட்டர்ல கழட்டுனதுன்னு அவர் கொண்டாந்து வச்சது. இத எடுத்துட்டுப் போயிருங்க தம்பி, வீட்டுல வச்சுக்கப் பயமா இருக்கு."

"ஏன்?"

"எட்டாம் நோன்பு அன்னைக்கு, அப்பதான் நோன்பு தொறந்து ரெண்டாவது பேரீச்சம்பழத்த எடுக்குறேன்... டிராயருக்குள்ள இருந்து பச்ச வெளக்கு விட்டு விட்டு எரிஞ்சுது."