ஏழாம் நம்பர் மலையின் விமான நிலையம்

அந்தச் சிவப்புத் தீயணைப்பு வண்டியின் தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும். எங்கள் லயத்து வரிசைவீடுகளின் தண்ணீர்ப் பீலி வறண்டு, பெண்கள் குடங்களோடு கீழ் ஓடைவரை இறங்கி ஏறிய மாதங்களிலும் அது நிறைந்திருந்தது. காலையில் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, தண்ணீர் விளிம்புவரை நிற்பதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அதை ஓட்டும் ஃபயர் அண்ணன் தேத்தண்ணீர் குடிக்க வருவார். எங்கள் தோட்டத்து விமான நிலையத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு விமானம் நினைவுக்கு வருவதில்லை. அந்தத் தண்ணீர்தான் வருகிறது. கூடவே கோபமும் வருகிறது. இத்தனை வருடங்களுக்குப் பிறகு அது ஆறியிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆறவில்லை.

ஹட்டனிலிருந்து மேலேறும் பாதையில், இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ளங்கைபோல் விரிந்து கிடக்கும் அந்தச் சமவெளியைத் தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலை என்றுதான் சொல்வோம். மலையே இல்லாத இடத்துக்கு அந்தப் பெயர். தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஒவ்வொரு துண்டு நிலமும் எங்களுக்கு மலைதான். வெள்ளைக்காரன் காலத்தில், உலகப் போர் நேரத்தில், அங்கிருந்த தேயிலையை வேரோடு பிடுங்கி, கல் பரப்பி, ஓடுபாதை போட்டார்களாம். கல் சுமந்தவர்கள் எங்கள் ஆட்கள். போர் முடிந்தபின் தோட்டத்துரைமார் சிலர் வாரக் கடைசியில் சிறு விமானங்களில் வந்து இறங்கினார்களாம். பிறகு அவர்களும் போய்விட்டார்கள். புல் மூடியது. நான் சிறுமியாக இருந்தபோது அது மாடு மேயும் இடம், தீபாவளிக்கு மறுநாள் தோட்டப் பிரிவுகளான டிவிஷன்களுக்கிடையே கிரிக்கெட் நடக்கும் இடம். எல்லாவற்றையும்விட, மேல்மலையில் வேலை செய்பவர்கள் லயத்துக்கு இறங்கிவரும் குறுக்குவழி அது.

நான் உயர்தரப் பரீட்சை முடித்த வருடம் அதை மீண்டும் திறந்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக. கொழும்பிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து வர விரும்பாதவர்கள் பன்னிரண்டு பேர் உட்காரும் விமானத்தில் பறந்துவந்து, ஏரிக்கரை ஹோட்டல்களுக்குப் போவார்கள். ஓடுபாதைக்குத் தார் போட்டார்கள், சுற்றிலும் முள்வேலி இட்டார்கள். குறுக்குவழி மூடிக்கொண்டது, கொழுந்துக் கூடையோடு வேலியைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார்கள் எங்கள் அம்மாமார். உள்ளே ஓடு வேய்ந்த சிறிய கட்டடம். தோல் நாற்காலிகள் போட்ட காத்திருப்பு அறை, குழந்தைக்கு உடை மாற்றத் தனியறை, திறந்தால் சுடுதண்ணீர் வரும் கழிவறை, ஒட்சிசன் சிலிண்டரும் கட்டிலுமாக ஒரு முதலுதவி அறை. என் அம்மா வேலை செய்த மலையில் ஒரு கழிவறைகூடக் கிடையாது. வரவேற்பு மேசையில் எனக்கு வேலை கிடைத்தபோது, முதல் நாள் அந்தக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சந்தோஷமாகவும் இருந்தது, யார்மீதென்று தெரியாத ஆத்திரமாகவும் இருந்தது.

காத்திருப்பு அறைச் சுவரில் மூன்று மொழிகளில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். விமான நிலையத்தின் வரலாறு. முதலில் இறங்கிய துரையின் பெயர் இருந்தது, அவருடைய நாய் விமானத்தில் ஏறிய கதைகூட இருந்தது. கல் சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. "தரிசாகக் கிடந்த நிலத்தில்" என்று தொடங்கியது அந்த வரலாறு.

ஃபயர் அண்ணன் எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிஷன்காரர். விமான நிலையத்தில் நல்ல வேலை கிடைத்த தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அவர் அடக்கமான மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காலில் போடும் சப்பாத்தை நாளுக்கு இரண்டு தடவை மினுக்குவார். மழை நாளிலும் கூலிங் கிளாஸ் போடுவார். உறவுக்காரர் கல்யாண ஜோடிகளை வேலிக்கு வெளியே நிறுத்தி, வண்டி பின்னால் தெரியும்படி படம் பிடித்துக் கொடுப்பார். கட்டடத்துக்குள் என்னை "மிஸ்" என்பார், லயத்து ரோட்டில் பார்த்தால் "தங்கச்சி." எனக்கு அவரைப் பிடிக்காது. பிடிக்காமல் போனதற்குக் காரணம் அந்தத் தண்ணீர்.

பீலி வற்றிய ஒரு மாசியில் அம்மாவும் நாலைந்து பெண்களும் வேலியருகே வந்து நின்று கேட்டார்கள்.

"ஆளுக்கு ஒரு கொடம் குடுங்க தம்பி. நீங்கதான் திரும்ப நெரப்பிக்கிறீங்களே."

"குடுக்க ஏலாதுங்க அக்கா. இது குடிக்கிற தண்ணி பவுசர் இல்ல. பிளேன் எறங்கற நேரத்துல டாங்கி கொறஞ்சிருந்துச்சுன்னா என் வேல போயிரும்."

"இன்னிக்குப் பிளேன் இல்லையே?"

"ரூல்ஸ் ரூல்ஸ்தானே, அக்கா."

அம்மா வெறும் குடத்தோடு திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அம்மா ஃபயர் அண்ணனோடு பேசவில்லை. லயத்தில் அவருக்கு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது. அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விமானம் இறங்கும்போதும் ஏறும்போதும் வண்டி தன் இடத்தில் நிற்கவேண்டும் என்பது அவருக்கு வேதம்போல. அதனால்தான் அடுத்த வருடம் அவர் செய்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அது வெயில் காய்ந்த ஒரு காலை. மேல்மலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். ஹோட்டல் ஒன்றின் விருந்தினர்களோடு விமானம் வந்துகொண்டிருந்தது. என் மேசைக்கு எதிரேயிருந்த கண்ணாடி வழியே, ஓடுபாதைக்குக் கீழே, பழைய இரட்டை லயத்தின் கூரையில் புகை தெரிந்தது. அடுப்புப் புகையென்று நினைத்தேன். அடுத்த பார்வையில் அது கறுத்துத் திரண்டிருந்தது. மின்கம்பியில் ஏதோ பொறி என்று பிறகு சொன்னார்கள். அந்த லயங்களின் கூரைக்கட்டை நூறு வருடம் காய்ந்த மரம். ஓர் அறையில் பிடித்தால் முழுவரிசையும் போகும். அந்த வரிசையின் கடைசியில்தான் பிள்ளைக் காம்பிரா இருந்தது. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அறை.

நகரத்துத் தீயணைப்புக்கு நான் தொலைபேசியில் சொன்னேன். புறப்படுவதாகச் சொன்னார்கள். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் எப்போது ஏறி வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்குள் ஃபயர் அண்ணன் தலைக்கவசத்தோடு நிலைய மெனேஜரின் அறை வாசலில் நின்றார். மெனேஜர் கொழும்புக்காரர், எங்களைப்போல் தமிழ் பேசுபவர்தான்.

"சேர், லயம் எரியுது. வண்டிய எடுக்கவா?"

"கொஞ்சம் பொறுங்க. மேல கேட்டுச் சொல்றேன்."

மெனேஜர் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் யாரோ யாரையோ தேடப் போனார்கள். ஃபயர் அண்ணன் வாசலிலேயே நின்றார், கண் ஜன்னலில் இருந்தது. நெருப்பு அடுத்த அறைக் கூரைக்குத் தாவியதை நாங்கள் இருவரும் பார்த்தோம். மறுபடியும் கேட்டார். மெனேஜர் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

மூன்றாம் முறை அவர் கேட்ட குரல் வேறாக இருந்தது. "சேர், அங்க புள்ளைங்க இருக்குதுங்க. பிளேன மேலயே சுத்தச் சொல்லுங்க. இல்ல, திருப்பி அனுப்புங்க. அதுல இருக்கவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"இப்ப வண்டி வெளிய போனா ஏர்போர்ட்டையே மூடணும். புரியுதா உங்களுக்கு?" என்றார் மெனேஜர், ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு.

ஃபயர் அண்ணன் ஜன்னலை இன்னொரு தடவை பார்த்தார். திரும்பி ஓடினார். வண்டியின் சைரன் கேட்டது; கீழ்க் கதவை இடித்துத் திறந்துகொண்டு லயத்து ரோட்டில் அது இறங்கியது.

அதே நேரத்தில் மேல் வேலியில் கூக்குரல். புகையைக் கண்ட தாய்மார் மலையிலிருந்து ஓடிவந்து முள்கம்பியில் முட்டி நின்றார்கள். வேலியைச் சுற்றிப் போனால் எவ்வளவு தூரம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மேல் வாசலில் காவலுக்கு இருந்தவர் பக்கத்துச் சிங்களக் கிராமத்து மனிதர். அவர் யாரையும் கேட்கவில்லை. சாவியைப் போட்டுக் கதவை அகலத் திறந்து, "துவன்ன! துவன்ன!" என்று கத்தினார். ஓடுங்கள், ஓடுங்கள் என்று. பெண்கள் ஓடுபாதைக்குள் பாய்ந்தார்கள். முதுகில் கூடை, இடுப்பில் நனையாமலிருக்கக் கட்டும் படங்குச் சாக்கு, பலருக்குக் காலில் செருப்பில்லை. என் அம்மாவும் அவர்களில் இருந்தார். தலைக்குமேல் விமானத்தின் இரைச்சல் வந்து, தாழ்ந்து, மீண்டும் எழும்பியது. மெனேஜர் வெளியே ஓடிவந்து, "அவங்கள வெளிய போகச் சொல்லுங்க, பிளேன் வருது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் அசையவில்லை. எங்கள் பெண்கள் தங்கள் பழைய குறுக்குவழியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் எதற்காகத் தடுக்கவேண்டும்?

விமானம் இரண்டு வட்டம் போட்டுவிட்டுக் கொழும்புக்கே திரும்பியது.

பிள்ளைக் காம்பிராக் கூரையில் தீ நாக்கு நீட்டிய நேரத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. ஃபயர் அண்ணன் அந்தக் கூரையையும் பக்கத்துச் சுவரையும் நனைத்துக்கொண்டே நிற்க, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா பின் ஜன்னல் வழியாகக் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தாய்மார் கைகளில் கொடுத்தார். ஒரு குழந்தைக்கும் கீறல்கூட இல்லை. வரிசையில் பாதி நின்றது, பாதி சாம்பலானது. சாம்பலான பாதியில் ஓர் அறையில், மரக்கிளை வெட்டும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்த ஒருவர் இருந்தார். அவருடைய மனைவி மேல்மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். ஃபயர் அண்ணன் கதவை உடைத்து அவரைத் தூக்கிவந்தபோது உயிரில்லை. நெருப்பு படவில்லை, புகைதான். உடம்பு அப்போதும் சூடாக இருந்தது என்று ஆயம்மா சொன்னார்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். காத்திருப்பு அறைத் தோல் நாற்காலிகளில் உட்கார்ந்து என்னை அழைத்தார்கள்.

"வண்டியைக் கொண்டுபோக அனுமதி கிடைத்ததா?"

"அவர் மூன்று தடவை கேட்டார்" என்றேன்.

"கேட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை. கிடைத்ததா?"

"அவர் கேட்டுக்கொண்டு நின்ற நேரத்தில்தான் ஒரு மனிதர் மூச்சு முட்டிச் செத்தார்" என்றேன். அவர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் போகலாம் என்றார்கள். இறந்தவரைப் பற்றி அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை. விமானத்தில் இருந்தவர்களுக்கு ஏற்பட்ட தாமதத்தைப் பற்றி நிறையக் கேள்விகள் இருந்தன.

அனுமதி கேட்காமலே இடத்தைவிட்டுப் போனதாக ஃபயர் அண்ணனை வேலையிலிருந்து நீக்கினார்கள். காவலாளியை எங்கோ தூரத்துக்கு மாற்றினார்கள். அடுத்த ஞாயிறு பத்திரிகையில் ஒரு படம் வந்தது. சிவப்பு வண்டி, பக்கத்தில் மெனேஜர். தோட்டத்து மக்களின் துயர் துடைத்த விமான நிலையம் என்று தலைப்பு. அந்தப் பத்திரிகையை நான் மெனேஜரின் மேசையில் விரித்துவைத்து, அதன்மேல் என் அடையாள அட்டையையும் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா தட்டை எடுத்து வைத்தார். சோறு போட்டார். பிறகு, "அந்தத் தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றார்.

லயம் இழந்த குடும்பங்களுக்கு மைதானத்தில் தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். தலைவர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், வீடு கட்டித் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள் இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களில் சிலருக்கு நான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். மழை நாளில் கொப்பிகள் நனைந்துதான் வரும். விமான நிலையத்தை இந்த வருடம் இன்னும் பெரிதாக்குகிறார்கள். காத்திருப்பு அறையில் குளிர்சாதனம் பூட்டுகிறார்களாம். இந்தக் குளிரிலே குளிர்சாதனம்! சுவர்ப் பலகையையும் புதுப்பித்து, தீயைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அண்டை மக்களுக்கு உதவிய நிலையம் என்று. அதைக் கேட்ட அன்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்கவேண்டும் என்று ஹட்டனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். தலை நரைத்துவிட்டது, கூலிங் கிளாஸ் மட்டும் மாறவில்லை. சில நாள் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அந்த விமான நிலையத்துக்கே போவாராம். முச்சக்கரவண்டியை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் இறக்கிவிட்டு, அவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவாராம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"நீங்க மூணு தடவ கேட்டீங்கன்னு எழுதப்போறேன் அண்ணே" என்றேன். "கேட்காம ஓடினீங்கன்னு அவங்க சொன்னது பொய்யின்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார்.

"எழுதுங்க தங்கச்சி. ஆனா அத என் பெருமையா எழுதிறாதீங்க" என்றார். "நான் போனதுக்கு அவங்க வேலையப் புடுங்கிட்டாங்க. அதுக்கு நான் ஒருநாளும் அழுததில்ல. நான் கேட்டுக்கிட்டு நின்னேன் பாருங்க, அதுக்குத்தான் இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது."